பதினோரு புகைக்குழாய்

அறையில் இருந்தவர்கள்: அவன், அவன் மனைவி, மாமனார், மாமனாரைக் கையோடு கூட்டிவந்த மச்சான், மேசைமேல் ஒரு போர் விமானம்.

விமானத்தின் நீளம் ஒரு சாண்.

மச்சான் கார் எஞ்சினை அணைக்காமலே வாசலில் விட்டிருந்தான். அப்பாவைத் திரும்ப ஏற்றிக்கொண்டு தன் மூன்றாவது மாடி வீட்டுக்குப் போக நேரும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. பெட்டியை இறக்கி அறை வாசலில் வைத்தாயிற்று.

மாமனாருக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்து மூன்று வாரம். படி ஏறக் கூடாது. கீழ்த்தளத்தில் இருந்த இந்த வீட்டில் உபரி அறை இது ஒன்றுதான். இதில் அவன் பதினோரு மாதமாகக் குடியிருந்தான். மனைவியோடு குடித்தனம் நடத்தியது மற்ற அறைகளில், அதுவும் சாப்பாட்டு நேரத்தில்.

பந்தயம் வைத்தவன் அவனேதான்.

"மாமாவே வந்து பாக்கட்டும். இந்த விமானத்துல ஒரே ஒரு குறை இருந்தாலும் ரூம் அவருக்கு. இல்லைன்னா எனக்கு."

மாமனார் முப்பத்தோரு வருடம் விமான எஞ்சின்களோடு புரண்டவர். அவருக்குப் பொய் சொல்ல வராது என்பது சொந்தபந்தம் முழுக்கத் தெரியும். அதனாலேயே பாதிக் கல்யாணங்களுக்கு அவரைக் கூப்பிடுவதில்லை.

கடையில் வாங்கிய அட்டைப்பெட்டியில் பாகங்களாக வந்தபோது அந்த விமானத்துக்கு மொண்ணை மூக்கு. உள்ளே வட்டமாக ஒன்பது சிலிண்டர். அவன் அதை அறுத்து எறிந்துவிட்டான். அந்த ரகத்தில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும், சோதித்துப் பார்க்க, பன்னிரண்டு சிலிண்டர் நீள எஞ்சினை மாட்டிப் பறக்கவிட்டார்களாம். அவனுக்கு அதுதான் வேண்டும். அதற்குக் கடையில் பாகம் கிடையாது.

ஆகவே மூக்கு, மார்க்கர் பேனாவின் மூடி. எஞ்சினை மூடும் தகடு, மாத்திரை அட்டையின் அலுமினியம். எண்ணெய்க் குழாய், ஃப்யூஸ் கம்பி. ஆணித்தலைகள், பழைய கைக்கடிகாரத்தின் பற்சக்கரத்தை உருட்டிப் பதித்தவை. புகைக்குழாய்கள், காது குடையும் பஞ்சுக்குச்சியின் தண்டை மெழுகுவர்த்திச் சூட்டில் இழுத்து நறுக்கியவை.

விமானத்தின் இடப்பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. அது தற்செயல் இல்லை.

மாமனார் குனிந்தார். நிமிர்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"ஒரு குறையும் இல்ல மாப்பிள்ளை. அச்சு அசல். நான் இவனோடயே கெளம்பறேன்."

மச்சானின் முகம் தொங்கிப்போனது. "அப்பா, நல்லாப் பாருங்கப்பா!"

"பாத்துட்டேன்டா."

அறை அவனுடையது. பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

ஆனால் மாமனாரின் மூக்குக்கண்ணாடி சட்டைப்பையிலேயே இருந்தது.

பதினோரு மாத வேலை. மனிதர் கண்ணாடிகூடப் போடவில்லை.

"கண்ணாடி போட்டுப் பாருங்க மாமா."

"எதுக்கு? அதான் பிரமாதமா இருக்கே."

"எது பிரமாதம்?"

"எல்லாம்தான். கலர் நல்லாருக்கு."

கலர்!

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். டார்ச்சை எடுத்தான். பூதக்கண்ணாடியை மாமனார் கையில் திணித்தான். விமானத்தைத் திருப்பி வைத்தான்.

"இந்தப் பக்கம் குழாயை எண்ணுங்க."

மாமனார் பொறுமையாக எண்ணினார். "அஞ்சு."

"அந்தப் பக்கம் ஆறு. இங்கயும் ஆறு இருக்கணும். எனக்குக் கெடச்சதே ஒரே ஒரு போட்டோ மாமா. அதுல ஒரு மெக்கானிக் குறுக்க நிக்கறான். அவன் தோளுக்குப் பின்னால இன்னொண்ணு இருக்கும்னு, ஒட்டிப் பெயின்ட் அடிச்ச அப்புறம்தான் உறைச்சுது."

"அப்ப மிச்சமிருக்கிற சிலிண்டரோட புகை எங்க போகும்? பைலட் மூஞ்சிக்கா?" என்றான் மச்சான். முகம் தெளிந்திருந்தது.

அந்தக் கிண்டல் அவன் காதில் ஏறவில்லை. மூக்கு ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதைக் காட்டினான். யாரும் கேட்காமலே, ரேடியேட்டர் வாய் வளைவாக இல்லாமல் சதுரமாகிப் போனதைக் காட்டினான். கடைசியில் விரல் நுனியால் காற்றாடியைத் தட்டிச் சுழலவிட்டான்.

"இது பெட்டியோட வந்த காத்தாடி. பழைய எஞ்சின் இந்தப் பக்கம் சுத்தும், புது எஞ்சின் அந்தப் பக்கம் சுத்தும். பிளேடோட திருகலே தலைகீழ். இதை ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியாது மாமா."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்தது பெருமை. வேறொன்றும் இல்லை.

பிறகுதான் திரும்பிப் பார்த்தான். மச்சான் காரை அணைக்கப் போயிருந்தான்.

மனைவி மேசையிலிருந்த பசைக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் அடுக்கினாள்.

"ஒரே ஒரு குறைன்னுதானே சொன்னீங்க?" என்றாள். "நாலு ஆச்சு." தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மாமனார் விமானத்தைப் பத்திரமாகத் தூக்கி அவன் இரண்டு கையிலும் வைத்தார். தோளில் கைபோட்டு, அந்தக் காலோடு, அவனை அறைக்கு வெளியே வரை நடத்திக்கொண்டு வந்து விட்டார். பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க மாப்பிள்ளை. காத்தாடி தலைகீழ்னு நுழையும்போதே தெரிஞ்சுது. எட்டப் பார்வை எனக்கு இன்னும் சுத்தம்."

அவன் குனிந்து காற்றாடியைப் பார்த்தான்.

"எம் பொண்ணுதான் நேத்து போன்ல சொன்னா. 'குறை மட்டும் சொல்லிடாதீங்கப்பா, வாதாடியே ஜெயிச்சுடுவாரு. நல்லாருக்குன்னு சொல்லிட்டுக் கெளம்புற மாதிரி நில்லுங்க. மிச்சத்தை அவரே சொல்லிடுவாரு'ன்னா."

மாமனார் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.