தடுப்பு நண்பன்

பதினைந்து வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கெல்லாம் சுகாதாரத்துறை ஒரு பொய் நண்பனை அனுப்பிவைக்கும். அவன் போனில் இனிக்க இனிக்கப் பேசி, கடைசியில் நேரில் கூப்பிடுவான். நம்பிப் போனால் அங்கே நர்ஸ்தான் நிற்பார். பக்குவமாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவார். ஒருதரம் சூடுபட்ட பிள்ளை மறுதரம் ஏமாறாது என்று ஆராய்ச்சியில் கண்டிருந்தார்கள். பெற்றவர்கள் மட்டும் மூச்சுவிடக் கூடாது. விட்டால் மருந்து பலிக்காது.

போன மாதம் நர்ஸ் வந்து எஸ்தரிடம் சம்மதம் வாங்கிப் போயிருந்தார். அதனால்தான் மகள் ஜெமிமா போனைப் பார்த்துத் தானாகச் சிரித்ததை அவள் கண்டும் காணாமல் இருந்தாள்.

இன்று காலையில், "பஸ் ஸ்டாண்டுல ஃபிரெண்டைப் பார்த்துட்டு வந்துர்றேம்மா" என்றாள் ஜெமிமா. வெயிலில் காத்து நிற்கப்போகிற நர்ஸுக்கும் சேர்த்து எஸ்தர் ஒரு டப்பா முறுக்குக் கொடுத்தனுப்பினாள்.

அரைமணி நேரத்தில் அதே நர்ஸ் வாசலில் வந்து நின்றார்.

"நீங்க பஸ் ஸ்டாண்டுல இல்லையா?" என்று கேட்டாள் எஸ்தர்.

"அங்க எதுக்குக்கா? உங்க தெருவுக்கு அடுத்த வாரந்தான் ஆரம்பிக்கிறோம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

எஸ்தரின் போன் அதிர்ந்தது. ஜெமிமாதான் அனுப்பியிருந்தாள்.

"முறுக்கு அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். கார்ல போயிட்டிருக்கோம், வர லேட்டாகும்மா."