ஒரு பை தோல்

ஆய்வுக்கூடத்திலிருந்து வீடு திரும்பும் வழியில், மகள் தினமும் அப்பாவிடம் ஒரு பை உருளைக்கிழங்குத் தோல் வாங்கிக்கொள்வாள். வயிற்றுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாவுக்கு, விலை உயர்ந்த தீனிப் பொடிக்குப் பதிலாக அந்தத் தோலை வேகவைத்த சாற்றைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்தை ஆளுக்கு இவ்வளவு தோலாப்பா?"

"நல்லாப் பசிக்குதும்மா."

"ஆனா இளைச்ச மாதிரி இருக்கீங்களே."

"தினமும் நடக்கறேன்ல."

இன்று அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஜெயிச்சாச்சுப்பா. குப்பைக்குப் போற தோல்ல பாக்டீரியா இப்படி வளரும்னு யாருமே நம்பல. இனிமே பெரிய அளவுல பண்ணப் போறோம். சிப்ஸ் ஃபேக்டரியிலேருந்து லாரியில தோல் வந்துடும். உங்களுக்குத் தொந்தரவே இல்ல."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு எதுக்குப்பா? நேரம் கிடைக்கும்போது வரேன்."

கார் தெருமுனை திரும்பும்வரை அப்பா வாசலிலேயே நின்றார்.

சற்று நேரத்தில் பக்கத்துத் தெரு ஓட்டல்காரர் வந்தார். சமையலறையில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த ஒரு வாளி உரித்த உருளைக்கிழங்கைத் தன் பாத்திரத்தில் கொட்டிக்கொண்டார்.

"காசு கொடுத்து வாங்கி, உரிச்சு, எனக்குச் சும்மாவே குடுக்கறீங்க. உங்களுக்குன்னு ஒண்ணுகூட எடுத்து வெச்சுக்கறதில்லையே சார்?"

அப்பா காலி வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்கும் வந்துடுங்க," என்றார். "வேற ஏதாவது காய் நறுக்கி வைக்கிறேன்."