அறைக்குள் ஒரு பெண் குரல்

மூன்று நாளாகக் கணவன் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஆடியோ எடிட்டிங் வேலை பார்க்கிறான். உள்ளே ஒரு பெண் விடாமல் பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்றுதான் பிடிபடவில்லை. மனைவி கதவில் காதை வைத்தும் பார்த்துவிட்டாள்.

“யாருங்க அவ?” என்று கதவைத் தள்ளித் திறந்தாள்.

வேறு யாரும் இல்லை. கணவன் கண்களை இறுக மூடியபடி கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான். “இரண்டாவது டிராக் வெட்டப்பட்டது” என்றது கம்ப்யூட்டர், அதே பெண் குரலில்.

“இது ஸ்கிரீன் ரீடர். திரையில இருக்கறதை வாசிச்சுச் சொல்லும். எடிட்டிங் சாஃப்ட்வேரோட இதைச் சேர்த்து வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.”

“அதுக்கு எதுக்குக் கண்ணை மூடிக்கிட்டு?”

“ஆறு மாசத்துல பார்வை போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள பழகிக்கணும்.”

“இதை மனசுக்குள்ளயே போட்டுப் புழுங்கிட்டு இருந்தீங்களா?” என்றவள், நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.