கால் பக்கம் பிடித்த கை

முப்பது வருடம் மூட்டை தூக்கியவருக்கு அன்று காலை இடுப்பு பிடித்துக்கொண்டது. மனைவிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தினமும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவர்தான் தூக்கி வைக்கிறார். முடியாமல் போனால் அவளைக் காப்பகத்தில்தான் விட வேண்டும்.

“குண்டாயிட்டே போறியே,” என்றபடி அவள் அக்குளில் இரு கைகளையும் கொடுத்தார்.

“உங்க சமையலைத் தின்னா?” என்றாள்.

“தூக்குப்பா,” என்றார், கிடங்குப் பழக்கத்தில். மறுமுனையைக் கூட்டாளி பிடித்ததும் சுமை பாதியாகுமே, அப்படிப் பாதியானாள். அவள் கால்கள் தாமாக எழுந்து நாற்காலிக்கு வந்தன. வீட்டில் வேறு யாருமில்லை.

மூன்று வருடமாக எதையும் உணராத கால்களை அவள் பார்த்தாள். “கணுக்காலைப் பிடிச்ச கை உங்க கை மாதிரியே சொரசொரன்னு இருந்துச்சுங்க.”

அவர் அவளுடைய அக்குளிலிருந்து தன் கைகளை மெல்ல உருவினார்.

“நாளைக்கும் வரச் சொல்லு. காப்பகம் வேணாம்னு சொல்லிடலாம்.”