விருப்பப் பாட்டு

“நிறுத்தும்மா. இது பாட்டா, இல்ல பாத்திரம் தேய்க்கிற சத்தமா?”

அந்தப் பெண் வயலின் வில்லை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டாள். மேசைக்குப் பின்னால் இருந்த மூத்த வித்வான், பள்ளியில் எல்லோரும் ‘பெரிய வயலின்’ என்று அழைப்பவர், இடது கையால் டீ கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். கோப்பையைப் பிடிக்கும்போது அவருடைய சுண்டு விரல் மட்டும் தனியே விறைத்து நிற்கும். அது பெரிய மனிதத் தோரணை என்றுதான் இசைப் பள்ளியில் எல்லோருக்கும் எண்ணம்.

இருந்தது ஒரே ஒரு வயலின் ஆசிரியை வேலை. வந்த பதினோரு பேரில் பத்துப் பேரை அவர் மதியத்துக்குள் கழித்துக் கட்டியிருந்தார். பள்ளி கொடுத்த முதல் பாட்டை இவள் பிசிறில்லாமல் வாசித்தாள். பிரின்சிபால் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடுத்தது விருப்பப் பாட்டு. வினை அதில்தான் வந்தது.

அவள் எடுத்தது போன மாதம் வெளிவந்த இந்திப் படத்துப் பாட்டு. அதன் நடுவில் வரும் வயலின் துண்டுதான் இப்போது பாதிப் பேருடைய ஃபோனில் மணியாக அடிக்கிறது.

புது இந்திப் படம் என்றாலே பெரிய வயலினுக்கு வேப்பங்காய். கதாநாயகன் பனிமலையில் போய்ச் சட்டையைக் கழற்றுவான், பின்னால் நாற்பது பேர் எதற்கென்றே தெரியாமல் குதிப்பார்கள், நாலே நாலு சொல்லை முப்பது தடவை திருப்பிப் போட்டால் அது பாட்டு. ஒலிப்பதிவுக் கூடங்களில் இருபது வருஷமாக வாசிக்கிறவர்தான் அவர். கொடுத்த தாளைப் பார்த்து எட்டு வரி வாசிப்பார், எழுந்து வந்துவிடுவார். அது எந்தக் கண்றாவிக்குப் போகிறது என்று கேட்பதே கௌரவக் குறைச்சல். அவர் எதிரே இந்திப் படப் பேச்சை எடுக்கும் துணிச்சல் பள்ளியில் ஒருவருக்கும் கிடையாது.

“அந்த உச்சி ஸ்வரத்துக்குச் சுண்டு விரல்தானே போகணும்? மோதிர விரல எதுக்கு அவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போற?”

“பாட்டுல அப்படித்தான் சார் இருக்கு. நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அந்த இழுப்புதான் சார் அதுல அழகே.”

“அழகா? நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. விரல் எட்டாதவன் வழுக்கிட்டுப் போயிருக்கான், அதுக்குப் பேரு அழகு. இவனுக்கெல்லாம் மைக் குடுத்தான் பாரு, அவனச் சொல்லணும்.”

அவள் சிரித்துவிட்டாள்.

“என்ன சிரிப்பு?”

“இல்ல சார்… நீங்க விளையாடுறீங்கன்னு நெனச்சு…”

“உன்கூட விளையாடத்தான் காலையிலேர்ந்து இங்க உக்காந்திருக்கேனா?”

அவள் முகம் விழுந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் கணவன் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தான். பிரின்சிபால் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

“முதல் பாட்டு நல்லாத்தானே இருந்துச்சு சார். வேலை பாத்த ஸ்கூல மூடிட்டாங்களாம். கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நாலு மாசமா அலையுறா.”

“பாவ புண்ணியம் பாக்குறதுன்னா வேற எங்கயாவது பாருங்க மேடம். இந்த வழுக்கல இவ நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டா நான் எங்க போய் முட்டிக்கிறது?”

சொல்லிக்கொண்டே படிவத்தில் விறுவிறுவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிராகரித்தால் காரணத்தை அந்த ஆளின் முகத்துக்கு நேரே படித்துக் காட்ட வேண்டும் என்பது பள்ளியின் விதி. அந்த விதியைக் கொண்டு வந்தவரும் அவரேதான். மனசில்லாமல் பிரின்சிபால் அம்மா படித்தார்.

“‘இப்படி விரல் வைத்து வாசிக்கும் எவரும் இந்தப் பள்ளியில் வயலின் கற்றுத்தரத் தகுதியற்றவர்.’”

அவள் வயலினைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். கண் நிறைந்திருந்ததால் பெட்டியின் கொக்கி உடனே அகப்படவில்லை.

“ஏம்மா, உலகத்துல எத்தனையோ பாட்டு இருக்கு,” என்றார் பிரின்சிபால் அம்மா ஆற்றாமையோடு. “இவர் முன்னாடி வந்து இதையா வாசிப்பாங்க?”

“சார் சந்தோஷப்படுவார்னு நெனச்சேன் மேடம்.”

“நானா?” பெரிய வயலின் கோப்பையைத் திரும்பவும் எடுத்தார். மடங்காத அந்தச் சுண்டு விரல் வழக்கம்போல் தனியே நின்றது. “இந்தக் குப்பையக் கேட்டு நான் எதுக்கும்மா சந்தோஷப்படணும்?”

“படம் முடிஞ்சதும் எல்லாரும் எழுந்து போயிட்டாங்க சார். வாசிச்சது யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு நான் மட்டும் பேரெல்லாம் ஓடி முடியற வரைக்கும் உக்காந்திருந்தேன். வயலின்னு ஒரே ஒரு பேருதான் வந்துச்சு.”

“யாரு அந்தக் கழுதை?”

அவள் கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“உங்க பேருதான் சார்.”