ஆள் கூடுமா, குறையுமா

மாதாமாதம் தொழிற்கூடங்களுக்குப் போன் போட்டு, இனி ஆள் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா என்று கேட்பது குல்சாத்தின் வேலை. அந்தப் பதில்களை வைத்துத்தான் அலுவலகம் வேலைவாய்ப்பைக் கணிக்கும். ஜனவரியில், தோக்மோக் ஊர்த் தையல்கூடத்து முதலாளி உம்சுனாய் அக்கா "குறையும்" என்றாள்.

"எத்தனை பேரு, அக்கா?"

"எல்லாரும். நாளைக்கு யாரும் வரவேணாம்னு உன் தம்பிகிட்ட சொல்லு."

குறித்துக்கொண்டு போனை வைத்த பிறகுதான் குல்சாத்துக்கு உறைத்தது. போன மாதம்தான் அவள் இதே உம்சுனாய் அக்காவின் சாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்திருந்தாள்.

அந்தத் தையல்கூடத்தில் துணி வெட்டும் தம்பி மிர்லானிடம் சொன்னாள். "உயிரோட இருந்தப்பவே அக்கா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது," என்றவன், மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை பனியின் பாரம் தாங்காமல் கூரை சரிந்து தையல் மெஷின்கள் மேல் விழுந்தது. உள்ளே யாருமில்லை.

வெள்ளிக்கிழமை குல்சாத் அக்காவுக்காக மாவுத் துண்டுகளை எண்ணெயில் பொரித்தாள். செத்தவர்களுக்குப் பண்டம் போய்ச் சேராது, வாசனைதான் சேரும்.

அடுத்த மாதம் அதே நம்பருக்குப் போட்டாள்.

"வாசனை வந்துச்சு, தங்கச்சி. கடைசி ஈடுதான் கொஞ்சம் கருகிடுச்சு," என்றாள் அக்கா. "அப்படியேன்னு எழுதிக்கோ. ஒருத்தரும் குறையல."