தொட்டிக்குள் ஒரு காடு

மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியில் விரிசல் அடைக்கிறேன் என்று தமயந்தி ஞாயிறுதோறும் உள்ளே இறங்கிவிடுவாள். அந்த வீட்டில் வேறெங்கே இருந்தாலும் அவளை யாராவது கூப்பிடுவார்கள். அடைத்துத் தீராத அந்த விரிசல் எப்படித்தான் இருக்கும் என்று கணவன் செல்வமணி இன்று எட்டிப்பார்த்தான். சுவரெங்கும் சிமெண்டில் ஒரு காடு புடைத்து நின்றது. யானைக்கு மட்டும் காது பாக்கி.

"தண்ணி நெரப்பிட்டா இத யாரு பாக்குறது?"

"தண்ணிக்குள்ள கெடந்தாதாங்க சிமெண்டு இறுகும். நாம போனப்புறமும் இருக்கும்."

கீழிருந்து அவன் அம்மா கத்தினாள்: "சோறாக்க வருவாளா, இல்ல தொட்டிக்குள்ளயே குடித்தனமா?"

தமயந்தி சிமெண்டு குழைத்த சட்டியைப் பார்த்தாள். "கொழச்சது வீணாப் போயிடுமே."

"நான் ஆக்குறேம்மா!" என்று குரல் கொடுத்தபடி செல்வமணி இரண்டு படி இறங்கினான். பிறகு திரும்பி வந்து தொட்டிக்குள் தலையை விட்டான்.

"அந்தக் கெளையில ஏதோ உக்காந்திருக்கே, அது என்ன?"